நவம்பர் மாசத்து வயித்தெரிச்சல்

இதை எழுதச் சொல்லி தர்ஷினி மொதல்ல கேட்டது என்னை இல்ல, மோகனை. அதை மறைச்சு வச்சுக்கிட்டு எழுதினா ஒரு வரி கூட ஓடாது, அதனால மொதல்லயே சொல்லிடுறேன்.

தர்ஷினி எங்க சேரோட, அதாவது எங்க முதலாளியோட மக. இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில சேர் நடத்தின வரிக் கணக்கு ஆபிஸை இப்ப அவதான் நடத்துறா. நானும் மோகனும் வேலை செஞ்சு ரிட்டயர் ஆனது அங்கதான். இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்குக் கம்பியூட்டருக்கு முந்தி வரி சீசன் எப்பிடி இருந்துச்சுன்னு தெரியாது, பழைய ஆளுங்க யாராவது எழுதித் தந்தா வாசிப்பாங்கன்னு அவளுக்கு ஒரு எண்ணம். மோகனுக்குப் போன் போட்டிருக்கா. அவரு, "எனக்கு என்னம்மா ஞாபகம் இருக்கு? விஜியக் கேளுங்க, அவங்கதான் எல்லாத்தையும் மனசுல வச்சிருப்பாங்க"ன்னு சொல்லியிருக்காரு. தர்ஷினி அதை அப்பிடியே என்கிட்ட ஒப்பிக்கிறா, ஏதோ பெருமையைச் சொல்ற மாதிரி. நானும் சரின்னுட்டேன். போனை வச்சிட்டு ஒரு பிளேன்டீ ஊத்திக் குடிச்சேன்.

எழுத்துத் தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதிப் பாத்தேன். வரி அறிக்கையோட சேத்துக் கட்டுற விளக்கக் கடதாசி மாதிரி இருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன். பேசுற மாதிரியே எழுதுறேன். கோவம் வர்ற எடத்துல கோவத்தோடதான் வரும்.

நான் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. அப்பாவுக்குத் தோட்டத்து மருந்துச் சாலையில வேலை. மோகன் தெஹியோவிட்டப் பக்கம். ரெண்டு பேருமே தோட்டத்து வரிசை வீட்டுல, லயத்துல வளந்தவங்க, ரெண்டு பேருக்கும் சிங்களம் தண்ணி பட்ட பாடு, ரெண்டு பேரும் ஒரே மாசத்துல ஆபிஸுக்கு வந்தோம். கணக்கு நான்தான் நல்லாப் படிச்சேன், பரீட்சையிலயும் என் புள்ளிதான் கூட. இதைச் சொல்லாம விட்டா இனிமே நான் மோகனைப் பத்திச் சொல்றது உங்களுக்குப் புரியாது. மொதல் ரெண்டு மூணு வருஷம் கார்பன் கடதாசி வைக்கிறதும், தபால் கந்தோருக்கு ஓடுறதும், பெரியவங்க கூட்டின கணக்கைத் திருப்பிக் கூட்டிப் பாக்கிறதுமாப் போச்சு. அதுல எழுத ஒண்ணும் இல்ல.

மார்ச்சோட வரி வருஷம் முடியும், நவம்பர் முடியிறதுக்குள்ள அறிக்கை போயிரணும். ஆனா சீசன் எங்களுக்கு ஆகஸ்ட்லயே தொடங்கிரும். ஒவ்வொரு ஆளோட ஃபைலையும் எறக்கி, போன வருஷத்து அறிக்கையை மேல வச்சு, இந்த வருஷம் என்னென்ன வரணும்னு ஒரு அரைத் தாள்ல பென்சில்ல எழுதி அதுக்கு மேல குத்தணும். பேங்க் வட்டிக் கடதாசி, வாடகை ரசீது, தோட்டத்துத் துரைமார்னா சம்பளக் கடதாசி. அது வர வர பென்சிலைக் கோடு போட்டு வெட்டணும். ஃபைலை மூணு அடுக்காப் பிரிப்போம். எல்லாம் வந்தது, பாதி வந்தது, ஆளையே காணோம். மூணாவது அடுக்கு எப்பவும் மாணிக்கக் கல் யாவாரிங்கதான். அவங்க வர்றதே கடைசி வாரத்துல, ரசீதெல்லாம் சொப்பிங் பேக்ல, அதுவும் மழையில நனைஞ்சு. இரத்தினபுரி மழையைப் பத்தி நான் சொல்லணுமா? பின் ரூம்ல கயிறு கட்டி, உடுப்புக்குப் போடுற கிளிப் போட்டு, அந்தக் கடதாசி எல்லாத்தையும் காயப் போடுவோம். காய்ஞ்சதை இளஞ்சூட்டுல அயர்ன் பண்ணி எடுக்கிறது என் வேலை. என் கைக்கு ஒரு கடதாசியும் கருகினது கிடையாது.

எழுதுற முறை இப்பிடி. மொதல்ல பென்சில். மேல இருந்து கீழ கூட்டணும், பெறகு கீழ இருந்து மேல. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் அடுத்த மேசைக்குப் போகும். எழுதின ஆளே சரி பாக்கக் கூடாதுங்கிறது சேரோட சட்டம். அதனால என்னோடதை மோகன் பாப்பாரு, மோகனோடதை நான் பாப்பேன். அவரு எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பென்சில்ல எழுதச் சொன்னா பேனாவுல எழுதி வைப்பாரு. பிழை கண்டுபிடிக்கணும்னு நான் பாக்காத வருஷம் இல்ல. இருக்காது. அதுதான் எனக்கு ஆத்தாமை. அசிங்கமா எழுதுறவன் பிழையாவும் எழுதணுமா இல்லையா?

சேரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். யாழ்ப்பாணத்து மனுஷன். வெள்ளைச் சட்டை, நெத்தியில சின்னதா ஒரு கீத்து விபூதி. சத்தமாப் பேசி நாங்க கேட்டதில்ல. நாங்க ரெண்டு பேரும் பாத்து முடிச்ச ஃபைல் அவரு மேசைக்குப் போகும். அவரு பாத்துட்டு எந்திரிச்சு வந்து எங்க மேசையில வைப்பாரு. சரியா இருந்தா நிமித்தி வைப்பாரு. பிழை இருந்தா குப்புற வைப்பாரு. எங்க பிழைன்னு சொல்ல மாட்டாரு, கேட்டாலும் சொல்ல மாட்டாரு, "வடிவாப் பாரும் பிள்ளை" அவ்வளவுதான். நாங்க தேடிக்கிட்டுக் கெடக்கணும். ஒரு தரம் சாயங்காலம் வரைக்கும் தேடி, கடைசியில ஆளோட பொறந்த தேதியை மாத்திப் போட்டிருந்தேன்னு கண்டுபிடிச்சேன். அழுகை வந்துருச்சு. சேர் பாக்காத மாதிரி குடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

சரியாச் செஞ்சா ஒரு சொல்லும் கிடையாது. நல்லது, கெட்டது, ஒண்ணுமே. அது எல்லாருக்கும் அப்பிடித்தான்னு இருந்திருந்தா நான் தாங்கியிருப்பேன். ஆனா மோகன் ஏதாச்சும் சொன்னா சேர் சிரிப்பாரு. வாயைத் தொறந்து, தோள் குலுங்க. நானும் ராத்திரி எல்லாம் யோசிச்சு ஒரு பகடி தயார் பண்ணிட்டு வந்து சொல்லிப் பாத்திருக்கேன். "அப்பிடியோ?"ன்னு கேட்டுட்டுக் கண்ணாடியைத் தொடைச்சாரு.

வர்றவங்களும் அப்பிடித்தான். படியேறும்போதே, "மோகன் மாத்தயா இன்னவாத?"ன்னு கேட்டுக்கிட்டுத்தான் வருவாங்க. மோகன் இருக்காரான்னு அர்த்தம். ரம்புட்டான் சீசன்ல அவரு மேசைக்குக் கீழ கூடை கூடையா இருக்கும். எனக்கும் கெடைக்கும், அவரு பங்கு வச்சுக் குடுத்த பிறகு. இனிப்பான பழம். திங்கத் திங்கப் பத்திக்கிட்டு வரும்.

இனி ராசுவோட கேஸ். என் வேலைக் காலத்துலயே இதை மாதிரி இன்னொண்ணு கெடையாது.

ராசு தோட்டத்துல ரப்பர் பால் வெட்டிக்கிட்டு இருந்தவரு. அந்த வேலையை விட்டுட்டு மாணிக்கக் குழியில எறங்கி வெட்டுற ஆளாப் போனாரு. ஒரு நாள் அந்தக் குழியில நல்ல கல்லு ஒண்ணு கெடைச்சுச்சு. வாங்கினவரு செக்குலதான் குடுப்பேன்னுட்டாரு. குழிக்காரங்கள்ல பேங்க்ல கணக்கு வச்சிருந்தது ராசு ஒருத்தருதான், ஏன்னா தோட்டத்துல சம்பளத்தை பேங்க்ல போடுறதுக்காக அந்தக் காலத்துல தொறந்து குடுத்திருந்தாங்க. அதனால எல்லாருடைய காசும் ராசு பேருக்கு வந்துச்சு. ராசு அதை எடுத்துட்டுப் போய், குழி மேட்டுல வச்சு, வழக்கப்படி பங்கு பிரிச்சுக் குடுத்துட்டாரு. காணிக்காரருக்கு ஒரு பங்கு, லைசன் எடுத்தவருக்கு ஒரு பங்கு, தண்ணி எறைக்கிற மெஷின்காரருக்கு ஒரு பங்கு, மிச்சம் எறங்கி வெட்டுறவங்களுக்கு. எல்லாம் வாய்ப் பேச்சு. ஒரு துண்டுக் கடதாசி கெடையாது. கொஞ்ச நாள்ல ராசுவுக்கு வரிக் கந்தோர்ல இருந்து கடுதாசி வந்துருச்சு. இவ்வளவு வருமானம் வந்திருக்கு, நீங்க ஏன் அறிக்கை தரலன்னு. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, பேங்க் கணக்கு அப்பிடித்தானே சொல்லுது.

ராசு படியேறி வந்து நின்னது இன்னும் கண்ணுல நிக்குது. உக்காரச் சொன்னா உக்கார மாட்டேங்கிறாரு. "மிஸ், என் பங்குல கூரைக்குத் தகரம் வாங்கினேங்க. அவ்வளவுதாங்க. இவங்க கேக்கிறதுக்கு அந்தத் தகரத்தைப் பேத்து வித்தாலும் காணாதுங்க."

சேர் கடுதாசியைப் படிச்சிட்டு, "உந்தக் காசு முழுக்க இவரின்ரை இல்லை எண்டு எனக்கும் விளங்குது பிள்ளை. அதை எப்பிடிக் காட்டப் போறீர்?"ன்னு என்னைப் பாத்துக் கேட்டாரு. என்னை. மோகனை இல்ல.

நான் ரெண்டு நாள் யோசிச்சேன். கடதாசி இல்லாத எடத்துல ஆளுங்களைத்தான் காட்டணும். பங்கு வாங்கின ஒவ்வொருத்தரும் நான் இவ்வளவு வாங்கினேன்னு சத்தியக் கடதாசி குடுக்கணும், விசாரணைக்கு நேர்ல வந்து நிக்கணும். எல்லாரும் சொல்ற பங்கைக் கூட்டினா பேங்க்ல வந்த தொகையோட ஒத்து நிக்கணும். யார்கிட்ட மொதல்ல கேக்கணும், எதை எதுக்குப் பெறகு கேக்கணும்னு வரிசையா எழுதினேன். ராசு சொன்ன பங்கைக் கூட்டிப் பாத்தா ஒரு துண்டு குறைஞ்சுச்சு. அது மட்டும் எனக்குப் பிடிபடல. சேர் என் தாளைப் படிச்சாரு. நிமித்தி வச்சாரு. "அப்ப போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும். மழையாக் கிடக்கு, மோகனும் துணைக்கு வரட்டும்."

குழிக்காரங்க கடுதாசி போட்டா வர்ற ஆளுங்க இல்ல. வரிக் கந்தோர்னாலே, நம்மளையும் பிடிச்சிருவாங்கன்னு பயம். அவங்க எடத்துக்கே போய் உக்காந்து பேசினாத்தான் உண்டு. நான் நல்ல சேலை கட்டி, தாளை பிளாஸ்டிக் உறையில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். ரப்பர் காட்டைத் தாண்டி ஒத்தையடிப் பாதை எறங்குற எடத்துல ராசு நின்னுட்டாரு.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. இதுக்கு மேல நீங்க வர ஏலாதுங்க."

"ஏன், பாதை மோசமா?"

"பாதை நல்லாத்தான் இருக்குங்க. பொம்பளைங்க குழிக்கிட்ட வந்தா கல்லு மறைஞ்சிரும்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கைங்க. எனக்கு இல்லைங்க. ஆனா நீங்க வந்தீங்கன்னா ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான்."

எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இரத்தினபுரியில இத்தனை வருஷம் இருந்துட்டு இது தெரியாம இல்ல. நம்ம வேலை விசயமாப் போறோம், நமக்கு அது இல்லன்னு நினைச்சுட்டேன். மோகன் என்னைப் பாத்தாரு. நான் தாளை எடுத்து நீட்டினேன். அவரு செருப்பைக் கழட்டி என் பக்கத்துல வச்சாரு, குழிக்குச் செருப்போட போகக் கூடாது. தாளை மடிச்சு சட்டைப் பையில சொருகிக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு. நான் ஒரு கல்லு மேல உக்காந்து, அட்டை ஏறுதான்னு காலைப் பாத்துக்கிட்டு, அவரு செருப்புக்குக் காவல் இருந்தேன்.

கீழ இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. பெறகு தாளிக்கிற வாசம். திரும்பி வர்றப்ப மத்தியானம் தாண்டிருச்சு. வாயில வெத்திலை. நான் எழுதின தாள் மழையில ஊறிப் பிசுபிசுன்னு ஆயிருந்துச்சு, அவரு அதைப் பிரிச்சுக் கூடப் பாக்கல. "எல்லாரும் வர்றாங்க விஜி. நல்ல பலாக்காய்க் கறி. ஆங், அவங்களுக்குச் சோறு ஆக்கிப் போடுற மனுஷன் இருக்காருல்ல, அவருக்கும் ஒரு பங்காமே. ராசு ஒங்ககிட்ட சொல்லலையா?"

அதுதான் நான் தேடின துண்டு. சாப்பாடு போடுறவருக்குப் பங்கு குடுக்கிறதை ராசு பங்குன்னே நினைக்கல, சாப்பாட்டுக் கடன்னு நினைச்சிருக்காரு. நானா இருந்தா அந்த ஆளைக் கண்டே இருக்க மாட்டேன், ஏன்னா என் தாள்ல அப்பிடி ஒரு கேள்வி இல்ல. மோகனும் கேள்வி கேக்கல. உக்காந்து சோறு தின்னாரு.

விசாரணைக்கு எல்லாரும் தோய்ச்ச சட்டை போட்டு வந்தாங்க. அந்த அதிகாரி நல்ல மனுஷி, ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சிங்களத்துலயே தன்மையாக் கேட்டாங்க. பங்கு எல்லாம் கூட்டினப்ப பேங்க் கணக்கோட ஒட்டி நின்னுச்சு. ராசு தன் பங்குக்கு மட்டும் கணக்குக் காட்டினாப் போதும்னு முடிஞ்சுச்சு. ராசு கந்தோர்ப் படியிலயே உக்காந்துட்டாரு.

ஆபிஸுக்கு வந்தோம். எல்லாரும் இருக்காங்க. சேர் மோகன் தோள்ல கை வச்சு, "ஐசே, உந்தக் கேஸ் உம்மாலதான் சரிவந்தது"ன்னாரு. சிரிச்சாரு. மோகனும் சிரிச்சாரு. நான் மோகன் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். இல்ல சேர், விஜிதான் யோசிச்சுக் குடுத்தாங்கன்னு ஒரு சொல்லு வரும்னு. அந்த நேரம் பார்த்து யாரோ டீ கொண்டு வந்தாங்க, அவரு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. ராசுவோட ஃபைல் என் மேசைக்கு வந்துச்சு. நிமித்தித்தான் வச்சிருந்தாரு. அதை நான் என்ன பண்ண, கண்ணுல ஒத்திக்கவா?

அதுக்குப் பெறகு எத்தனையோ நவம்பர் வந்து போச்சு. சேர் காலமானாரு, கடைசி வரைக்கும் அந்த ஒரு சொல்லு எனக்கு வரல. நானும் மோகனும் ஒரே வருஷத்துல ரிட்டயர் ஆனோம். பிரியாவிடைக்கு வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அவருக்குத்தான் வந்தாங்க.

ரிட்டயர் ஆன மொத வருஷம் நான் பாடாய்ப் பட்டேன். மோகன் தெஹியோவிட்டைக்கே திரும்பிப் போய், கொடித்தோடைப் பழத்துக்குப் பந்தல் போட்டு, ஆத்துல தூண்டில் போட்டு, மாசி மாசம் வந்தா காமன் கூத்துல வேசம் கட்டி ஆடி, எல்லாத்தையும் போட்டோ பிடிச்சு வாட்ஸப்ல போடுவாரு. மூஞ்சி பூரா சாயம், பல்லு பூரா சிரிப்பு. நானும் கொடித்தோடை வச்சேன், குரங்கு தின்னுட்டுப் போச்சு. அந்தூரியம் வச்சேன், அழுகிப் போச்சு. தையல் மெஷினைத் தொடைச்சு எண்ணெய் விட்டேன், கண்ணு தெரியல. கோயில்ல தேவாரம் பாடப் போனேன், எனக்கு முந்தி பாடுறவங்க குரல் என்னோடதை விட நல்லா இருந்துச்சு, அதோட நிறுத்திட்டேன். எங்க வீட்டுக்காரரு, பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவரு, டிவிக்கு முன்னால நிம்மதியா இருக்காரு. "ஒனக்கு என்னதான்டி வேணும்?"னு கேட்டாரு. எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். நவம்பர் வேணும். என் மேசைக்கு ஃபைல் வரணும்.

அக்டோபர் வந்தா எனக்குத் தூக்கம் கெட்டுரும். சாப்பாட்டு மேசையைத் தொடைச்சு வப்பேன். பென்சில் சீவி வப்பேன். தர்ஷினி கூப்பிடுவா, கூட்டமா இருக்கு ஆன்டி கொஞ்சம் வாங்கன்னு சொல்லுவான்னு. கூப்பிடல. போன நவம்பர்ல பொறுக்க முடியாம, சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்னு சொல்லிக்கிட்டு மாடியேறிட்டேன். பிள்ளைங்க எல்லாம் கம்பியூட்டரைப் பாத்துக்கிட்டு இருக்கு. மேசையில ஒரு கடதாசி இல்ல. ஒரு பிள்ளை எந்திரிச்சு நல்ல மரியாதையா, "உக்காருங்க ஆன்டி, டீ குடிக்கிறீங்களா?"ன்னுச்சு. வர்ற ஆளுங்க உக்கார்ற கதிரையில என்னை உக்கார வச்சாங்க.

உள்ள தர்ஷினி போன்ல பேசிக்கிட்டு இருக்கா. "மோகன் அங்கிள், போன ஞாயித்துக்கெழம எத்தனை பேரு வந்தாங்க? அடுத்த வாரமும் வருவாங்களா?"

விசாரிச்சேன். தோட்டத்துல வேலை முடிஞ்சு வந்த சேமலாபக் காசை வயசானவங்க பேங்க்ல நிலையான வைப்புல போட்டு வச்சிருக்காங்க. அந்த வட்டியில இப்ப வரி பிடிக்கிறாங்க. வருமானம் குறைஞ்சவங்க எழுதிக் குடுத்தா பிடிக்க மாட்டாங்க, ஆனா அதுக்கு வரி இலக்கம் எடுக்கணும், விண்ணப்பம் நிரப்பணும். அவங்களுக்கு எங்க அது தெரியும்? மோகன் தோட்டத்துக் கோயில் மண்டபத்துல ஞாயித்துக்கெழமை உக்காந்து, தர்ஷினி குடுத்த பழைய லெப்டொப்ல, எல்லாருக்கும் சும்மா செஞ்சு குடுக்கிறாராம்.

என் நவம்பரை எடுத்துக்கிட்டாரு அவரு. காமன் கூத்து இருக்கு, மீன் இருக்கு, கொடித்தோடை இருக்கு, அதுவும் போதாம இதுவும். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

அடுத்த ஞாயித்துக்கெழமை இரத்தினபுரியில இருந்து அவிசாவளைக்கு பஸ் ஏறி, அங்க இருந்து தெஹியோவிட்டைக்குப் போனேன். பிழை கண்டுபிடிக்கத்தான் போனேன், வேற எதுக்கும் இல்ல.

மண்டபத்துல உக்கார்ற வாங்கு பெஞ்சு நெறைய ஆளுங்க. மோகன் நடுவுல. ஒத்தை விரலால தட்டுறாரு. பென்சில் கிடையாது, நேரா பேனா. என் கை துறுதுறுக்குது. "வாங்க விஜி, வாங்க வாங்க!"ன்னு எந்திரிச்சாரு. "நீங்க பாருங்க, நான் சும்மா இருக்கேன்"ன்னு ஓரமா உக்காந்தேன்.

அவருக்குச் சத்தமாப் பேசித்தான் பழக்கம். "அண்ணே, ஒங்களுக்கு வட்டி இவ்வளவு வருதா? பரவாயில்லையே, ஒரு ஆட்டோ வாங்கலாம் போல!" மண்டபம் பூராவும் சிரிக்குது, அந்த அண்ணனும் சிரிக்கிறாரு. ஆம்பளைங்களுக்கு அது சரி. ஆனா பின் வாங்குல ஒரு அம்மா இருந்தாங்க. பேரு பேச்சியம்மான்னு வச்சுக்கங்க, கொழுந்தும் பறிச்சு ரப்பர் பாலும் வெட்டின கை. அவங்க முறை வர்றப்பெல்லாம், "நீ போ, நான் பெறகு"ன்னு அடுத்த ஆளை விட்டுக்கிட்டே இருந்தாங்க. மூணு பேரை அப்பிடி விட்டதைப் பாத்தேன். நான் எந்திரிச்சுப் போய், "தண்ணி கொழாய் எங்க இருக்குன்னு காட்டுறீங்களா?"ன்னு கேட்டேன். வெளியில வந்தாங்க.

"மோகன் தம்பி நல்ல புள்ளைதாங்க"ன்னு மெதுவாச் சொன்னாங்க. "ஆனா அது சொன்னா லயம் பூரா கேக்கும். அந்தக் காசு எல்லாம் கல்யாணத்துலயும் வீட்டுக்கூரையிலயும் முடிஞ்சுதுன்னு மகனுங்க நினைச்சுக்கிட்டு இருக்கானுங்க. கொஞ்சம் வச்சிருக்கேன். என் அக்கா அந்தக் காலத்துல இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனவ, கோத்தகிரிப் பக்கம் இருக்கா. ஒரு தரம் போய்ப் பாக்கணுங்க. அது வட்டியிலயும் இப்ப வரி பிடிக்கிறாங்க."

கொழாய்க்குப் பக்கத்துலயே, மடியில தாளை வச்சு, பென்சில்ல எழுதினேன். கேக்க வேண்டியதைக் காதுக்கிட்ட கேட்டேன். தபால் எதுவும் வீட்டுக்கு வராம கோயில் முகவரியைப் போடலாமான்னு மோகன்கிட்ட மட்டும் தனியாக் கேட்டு முடிச்சேன்.

மோகனுக்குச் சந்தோசம் தாங்கல. எல்லாரும் இருக்கிற மண்டபத்துல, "எத்தனை வாரமா வந்து வந்து சும்மா திரும்பிப் போனாங்க தெரியுமா அந்த அம்மா! எங்க ஆபிஸ்லயே மூளைக்காரி இவங்கதான். ஒரு மாணிக்கக் குழி கேஸ் இருந்துச்சு, பூரா இவங்க யோசனை. பொம்பளை போகக் கூடாதுன்னு நான் போனேன். நான் என்ன செஞ்சேன், சோறு தின்னேன்"ன்னாரு.

இத்தனை வருஷம் நான் காத்துக்கிட்டு இருந்த சொல்லு. வெத்திலையை நீட்டுற மாதிரி நீட்டிட்டாரு. சேர் காதுல விழ வேண்டியது, சேரும் இல்ல. வாங்குல இருந்த ஒரு பெரியவரு, "அது கெடக்கட்டும் தம்பி, என் வரி நம்பர் வந்துச்சா?"ன்னு கேட்டாரு.

"இனி விஜி மிஸ் பாப்பாங்க"ன்னு சொல்லிட்டு மோகன் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டாரு. நான் வேணான்னு சொல்லல.

அடுத்த ஞாயித்துக்கெழமை அவரு மண்டபத்துப் பக்கமே வரல, தூண்டிலை எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போயிட்டாரு. நான் தனியா. மொதல்ல வந்தவரு வாசல்லயே நின்னு, "மோகன் ஐயா வரலைங்களா?"ன்னாரு. ரெண்டாவது ஆளும் அதேதான். மூணாவது ஆளு கதிரையில உக்காந்த பெறகும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறாரு. "வரலைங்க. நான்தான் இருக்கேன். ஒக்காருங்க." வாய் வலிச்சுப் போச்சு. அதுக்கு அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்துல இருந்து நாலஞ்சு பொம்பளைங்க சேந்து வந்து, பின் வாங்குல உக்காந்து, என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தி கிட்ட வந்து, "சத்தம் போடாம எழுதுற மிஸ் நீங்கதானுங்களே?"ன்னா. அவங்களை ஒவ்வொருத்தரா கொழாய்ப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு பஸ்ல வர்றப்ப எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

சீசனோட கடைசி ஞாயிறு. சாயங்காலம் பென்சிலெல்லாம் எடுத்து வைக்கிறேன், ஈரக் கால்சட்டையோட மோகன் வந்து நிக்கிறாரு. கையில ஒரு பையில மீன்.

"எப்பிடிப் போச்சு விஜி? என்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல"ன்னேன்.

அன்னைக்குக் காலையில இருந்து கேக்காத ஆளே இல்ல. அதைச் சொல்ல எனக்கு மனசு வரல. அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் வாடும், ஒரு நிமிசமாச்சும். நம்மளை மறந்துட்டாங்களேன்னு ஒரு நெழலு அந்த மொகத்துல விழுந்தா எனக்குப் போதும்.

"அப்பாடா"ன்னு சிரிச்சாரு. "அப்ப நான் நிம்மதியா மீன் பிடிக்கலாம்." பையை என் கையில குடுத்துட்டு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, ஆத்து மீன், அவருக்குப் பிடிக்கும்"ன்னு சொல்லிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே போயிட்டாரு.

அவிசாவளை வந்து சேர்ற வரைக்கும் மடியில அந்தப் பையை வச்சுக்கிட்டு வந்தேன். ராத்திரி புளி ஊத்திக் குழம்பு வச்சேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டாவது தரமும் சோறு போட்டுக்கிட்டு, நல்ல மீனுன்னாரு. நல்ல மீனுதான். எனக்குத்தான் எறங்கல.